இடம் சொல்லாதவன்

சவப்பெட்டியில் கிடக்கப்போகிறவனின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள் மார்னி. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற நேரத்தில் வெய்லன் உள்ளே வந்தான். செத்துப்போன அவள் புருஷன் டெல்பர்ட்டின் தம்பி. முந்தாநாள் ஓடைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அண்ணனைக் கரையேற்றி, மலையிறக்கம் முழுவதும் தோளில் சுமந்து வந்தவன் அவன்தான்.

"அண்ணி, அந்தத் தூண்டில் கம்பெனிக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். கடைசி வீடியோவைப் போட்டு, எந்த ஓடைன்னு பேரையும் சொல்லிட்டா, ரெண்டு வருஷத்துக்கு நீங்க வேலைக்கே போக வேண்டாம்ங்கிறான். சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்."

"அவர் சொல்லாததை நான் சொல்லவா?"

"சொல்லாமதானே சாப்பாட்டுக்கே சிங்கியடிச்சாரு?"

அது பொய்யில்லை. மீனை ஏமாற்றித் தூண்டிலில் மாட்ட, இறகையும் நூலையும் கட்டிப் பொய்ப்பூச்சி செய்வான் டெல்பர்ட். விடியுமுன் மலையேறி, இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று, தூண்டிலை ஒரே மாதிரி முப்பது தடவை வீசி, இணையத்தில் போட வீடியோ எடுப்பான். வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய வேலை. பின்னால் தெரிகிற மலைமுகட்டை, ஒடிந்த மரத்தை, ஒன்று விடாமல் படத்திலிருந்து வெட்டியெடுப்பான். மான்டானாவில் தூண்டில் பிடிக்கிறவனுக்கு முகடு தெரிந்தால் போதும், இடம் தெரிந்துவிடும். மறுவாரம் நாற்பது வண்டி வந்து நிற்கும். அதற்கடுத்த வாரம் மீன் இருக்காது.

இடத்தைச் சொல்லிப் படம் போட்டவர்களை லட்சம் பேர் பார்த்தார்கள். டெல்பர்ட்டை ஒன்பதாயிரம் பேர். அதில் வந்தது பெட்ரோலுக்கே காணாது. மார்னி சாலையோர மோட்டல் விடுதியில் படுக்கை விரிப்புத் துவைத்துத்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் குறை சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. கூலி வராத வேலையை இத்தனை சுத்தமாகச் செய்கிற மனிதனை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசி வீடியோவில் முகடு முழுசாக நின்றது. வெட்ட ஆளில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் காப்பியும் பன்றிக்கறி ரொட்டியுமாக எல்லோரும் நின்றிருந்தார்கள். பாதிப்பேர் தூண்டில்காரர்கள். கிழவர் ஹாலிஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"எந்த இடத்துலம்மா ஆச்சு? ஒரு பூ வைக்கலாம்னு."

"பூவைத் தூண்டில் முனையில கட்டியா வைப்பீங்க?"

கிழவர் வெட்கப்படவில்லை. "ரெண்டுக்கும்தாம்மா. வயசாச்சு, பொய் சொல்ல வரல."

சுற்றி நின்ற தூண்டில்காரர்கள் திரும்பினார்கள். வெய்லன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தான். மார்னி காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே."

பீர் டப்பா மிதக்கிற இடம். மானமுள்ள எவனும் அங்கே தூண்டில் போடமாட்டான்.

"டெல்பர்ட்டா? பாலத்தடியிலயா?"

"அங்கேதான்."

"அந்தப் பெரிய பெரிய டிரவுட் மீனெல்லாம்?"

"எல்லாம் அங்கே பிடிச்சதுதான்."

ஹாலிஸ் வாயைப் பிளந்தார். பிறகு தொடையில் ஒரு அடி அடித்தார். "அடப்பாவி! நம்ம மூக்குக்குக் கீழேயேவா! மகாராசன், மூச்சு விடலியே!"

சாயங்காலம் இருபது பேர் பாலத்தடிக்குப் போனார்கள். தலைக்குமேல் லாரிகள் இரைந்தன. தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு, தண்ணீரோரம் வரிசையாக நின்றார்கள். கம்பெனிக்காரன் சொன்ன நேரம் இன்னும் முடியவில்லை.

"எந்தக் கல்லுகிட்டம்மா?" என்றார் ஹாலிஸ்.

மார்னி ஆற்றைப் பார்த்தாள். எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே இருந்தன. அவள் வாய் திறக்குமுன் வெய்லன் கரையைவிட்டு இறங்கினான். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய், ஒரு பாசிக்கல்லின்மேல் கையை வைத்தான்.

"இதோ, இந்தக் கல்லுதான்," என்றான். "இங்கருந்துதான் தூக்கினேன்."

சாவுக்கென்று இரவல் வாங்கிப் போட்டிருந்த கறுப்பு ஷூவோடு, முழங்கால் தண்ணீரில், எல்லோரும் பூ வைத்து முடிகிறவரை அவன் அங்கேயே நின்றான்.