எடுத்த தெரு

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே உள்ள வெள்ளேந்தல் என்ற ஊருக்கு ஒரு தை மாதம் காய்ச்சல் கண்டது. ஊர்க்காரர்கள் யாருக்கும் தும்மல்கூட இல்லை; ஊருக்குத்தான் காய்ச்சல். செருப்பில்லாமல் நடந்தவர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். பொழுது சாய்ந்த பிறகும் தரை ஆறவில்லை. கிராம நர்ஸ் ஷீபா அடிபம்புக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தார். நூற்றிரண்டு காட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னதும், பேஷண்டுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். முந்நூறு இருக்கலாம் என்றார் ஷீபா. அந்த வயசுக்குக் காய்ச்சல் ஆகாது, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கண்மாயிலோ பொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லாததால்தான் அதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். கார்முகில் பேசினான். தமிழில் எம்.ஏ. படித்தவன், காலேஜ் நாட்களில் பேச்சுப்போட்டிக் கோப்பைகளை வீட்டில் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கடியில் போட்டவன், இப்போது டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூட வாத்தியார். வரத்து வாய்க்கால் தூர்ந்து போனதைச் சொன்னான். மடை உடைந்து கிடப்பதைச் சொன்னான். ஜனங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் எழுந்து வேட்டியைத் தட்டியபோது அவன் வாயில் வேறொன்று வந்தது.

"ஊருங்கிறது ஒரு ஒடம்புங்க. கண்மாய் அதோட வயிறு. கெழக்க ஒரு புண்ணு இருக்கு. புண்ண வச்சுக்கிட்டு எந்த ஒடம்பாவது தேறுமா?"

செல்போன்கள் இறங்கின. அப்புறம் கைதட்டு. வாய்க்காலுக்கும் மடைக்கும் கிடைக்காத கைதட்டு. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அவன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. அவனைப் பெற்ற ஆத்தா மீனம்மாளுக்குச் சர்க்கரையில் இடது பாதம் போயிருந்தது. புண்ணை விட்டால் காலே போய்விடும், எடுத்துடுறதுதான் நல்லது என்று டாக்டர் சொன்ன வார்த்தை அவனுக்குள் எங்கோ கிடந்து, மேடையில் எழுந்து வந்துவிட்டது.

கிழக்கே இருந்தது புயலுக்குப் பிறகு வந்த தெரு. கட்டுமாவடிக் கரையில் வீட்டையும் படகையும் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அங்கே கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மொட்டைமாடியில் மீன் காயப்போடுவார்கள். காற்று திரும்பினால் ஊரே மணக்கும். மற்றபடி அவர்கள் பிள்ளைகளும் இதே பள்ளிக்கூடம், இதே ரேஷன் கடை, இதே டவுன் பஸ். கார்முகிலின் அக்கா சுடர்விழியே அந்தத் தெரு ராமுவைத்தான் கட்டியிருந்தாள். ராமு மீன் ஏற்றும் டாடா ஏஸ் ஓட்டினான். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவள் இப்போதுதான் முழுகாமல் இருந்தாள், ஆறாவது மாதம்.

காய்ச்சலோடு நின்றிருந்தால் ஊர் அதை வெயில் என்று விட்டிருக்கும். ஆனால் கிழக்குத் தெரு தொடங்குகிற பாலத்தடியில் ரோடு வீங்கியது. தார் கன்றிச் சிவந்தது. விரிசலில் மஞ்சளாக ஏதோ கசிந்து ஈ மொய்த்தது. கார்முகில் பேசியது தப்பு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாயை மூடிக்கொண்டார்கள். பேச்சுக்கு மறுபேச்சு பேசலாம்; சீழுக்கு என்ன பேசுவது? டவுனிலிருந்து ஏதோ ஓர் அமைப்பின் ஆட்கள் வெள்ளை வேனில் வந்து அதை வீடியோ எடுத்தார்கள். கார்முகிலின் தோளில் கைபோட்டு, தம்பி முதலிலேயே சொன்னார் என்றார்கள். மாவட்டம் முழுக்கப் பேச அவனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

சுடர்விழி ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நாங்க புண்ணாடா?"

"ஒன்னயச் சொல்லலக்கா. அது சும்மா உவமை. மேடையில அப்புடித்தான் பேசுவாங்க."

"உவமைன்னா நடுவுல 'போல'ன்னு ஒரு வார்த்தை வரணும்ல. ஒங்கிட்டதான பத்தாவதுல நான் எலக்கணம் ஒப்பிச்சுக் காட்டுனேன், ஒனக்கு அப்ப ஏழாவது. நீ 'போல' சொல்லலையே. புண்ணுன்னுல்ல சொன்ன."

"சொல்லிருந்தா ஒருத்தனும் கைதட்டியிருக்க மாட்டான்" என்றான் கார்முகில். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. "அடுத்த கூட்டத்துல சொல்லிடுறேங்க்கா."

உள்ளே கட்டிலில் இருந்த மீனம்மாள் கத்தினாள். "எடுத்த காலு இன்னும் அரிக்குதுடா. இல்லாத வெரல்ல வலி உசுரு போகுது. அதையும் மேடையில சொன்னியா?"

சொல்லவில்லை என்றான்.

மாசியில் அடுத்த கூட்டம் நடந்தது. வாக்குக் கொடுத்தபடி கார்முகில் மைக்கைப் பிடித்தான். புண் போல என்று நான் சொல்ல வந்தேன் என்று ஆரம்பித்தான். புண் என்பது கேட்டது. அடுத்த வார்த்தைக்கு உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தான். மைக்கை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். அப்போதும் அந்த ஒரு சொல் மட்டும் காற்றில் ஏறவில்லை. கூட்டத்துக்குக் கேட்டதெல்லாம் புண், புண், புண் என்பதுதான். ஆவேசமாகப் பேசுகிறான் என்று விசிலடித்தார்கள். அமைப்புக்காரர் ஒருவர் மெதுவாக மைக்கை வாங்கி, எடுத்துடலாம் என்றார். அடிக்கலாம் என்றோ கொளுத்தலாம் என்றோ அவர் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்; அவ்வளவு கெட்டவர்கள் அந்த ஊரில் இல்லை. எடுத்துடலாம் என்பது வைத்தியம். எல்லோரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ஒரு ஜேசிபி வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வடக்குத் தெற்காகப் பள்ளம் தோண்டியது. கார்முகில் ஓடிப்போய் அதன் முன்னால் படுத்தான். நாலு பேர் அவனைத் தூக்கி நிழலில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். பள்ளத்துக்கு அங்கிட்டு ஜனங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடர்விழி வயிற்றில் கைவைத்து நின்றாள். கையைக் காட்டி வந்துவிடு என்று அவன் சைகை செய்தான். அவள் ராமுவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், நின்ற இடத்திலேயே நின்றாள். ஜேசிபி கடைசி அடியைத் தோண்டி முடித்தபோது கிழக்குத் தெரு இல்லை. சத்தம் எதுவும் வரவில்லை. வீடு, ஆட்கள், மாடியில் கிடந்த மீன், டாடா ஏஸ் எல்லாம் இருந்த இடத்தில் பளபளவென்று புதுத்தோல் மூடிய மண் கிடந்தது. போலீஸ் வந்து கட்டுமாவடி வரை போய் விசாரித்தது. அங்கே யாரும் திரும்பி வரவில்லை.

காய்ச்சல் அன்றைக்கே விட்டது. பங்குனியில் எதிர்பாராத மழை பெய்து கண்மாய் பாதி நிறைந்தது. பார்த்தீர்களா என்றார்கள் அமைப்புக்காரர்கள். பிறகு வேனை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள்.

சித்திரையில் ஊர் ஜனங்களுக்கு வலி ஆரம்பித்தது. முதலில் அரிப்பு. சொறியலாம் என்று கையைக் கொண்டுபோனால் உடம்பில் அந்த இடம் இல்லை. அது உடம்புக்கு வெளியே, கிழக்கே, பள்ளத்தைத் தாண்டி இருந்தது. சிலர் போய் மண்வெட்டியால் அந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தார்கள். அடங்கவில்லை. அங்கே ஏதாவதொரு பிள்ளை விழுந்தால் இங்கே பெண்கள் சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்தார்கள். காற்று திரும்பினால் இல்லாத மீன் மணத்தது. ஷீபா மாத்திரை கொடுத்தார். எந்த இடத்து வலிக்கு என்று சீட்டில் எழுத முடியாமல் பேனாவை மூடினார். டீக்கடை வைத்திருக்கும் அழகி ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "வலிக்குதுன்னா உசுரோட இருக்காகன்னுதானே அர்த்தம்?" அன்று முதல் வலிக்கு யாரும் மாத்திரை கேட்கவில்லை. வலி ஒருநாள் குறைவாக இருந்தால்தான் கவலைப்பட்டார்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊருக்கு இடுப்புவலி கண்டது. ஆண்களுக்கும் வந்தது. வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். கார்முகில் வகுப்பிலிருந்து லீவு சொல்லி, பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து இறங்கி, நேரே பள்ளத்தோரம் போய் மண்ணில் மண்டியிட்டான். அக்கா, அக்கா என்றான். சாயந்தரம் வலி ஓங்கி, சட்டென்று விட்டது. ஊரே மூச்சு வாங்கியது. மீனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலில் எழுந்தாள்.

"பொறந்துருச்சு. ரெண்டு உசுரும் பொழச்சிருச்சு" என்றாள். "என்ன பிள்ளைன்னுதான் தெரியல."

அன்று கார்முகில் அழுததை ஊர் பார்த்தது. யாரும் தேற்றப் போகவில்லை; அவனுக்குக் கைதட்டியவர்கள்தான் எல்லோரும்.

அவன் அதன்பின் மேடை ஏறவில்லை. வகுப்பில் உவமையும் உருவகமும் வரும் பாடத்தை மட்டும் வேறொரு டீச்சரை நடத்தச் சொல்லிவிடுகிறான். டவுன் பஸ் இன்றும் பள்ளத்தோரம் நிற்கிறது. புதிதாக வந்த கண்டக்டர் ஏன் என்று கேட்டதற்கு, எறங்குறவுக எறங்கட்டும் என்றார் டிரைவர். படிக்கட்டு ஒரு முறை அழுந்தி எழுந்த பிறகு விசில் கொடுக்கிறார்கள்.

மறு வருடம் ஆனியில் ஊர் ஜனங்களுக்குக் காலில் ஒரு குறுகுறுப்பு வந்தது. நின்றவர்கள் சாய்ந்தார்கள், நடந்தவர்கள் இரண்டடி வைத்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. மீனம்மாள் இல்லாத தன் இடது பாதத்தைத் தடவிக்கொண்டே, கெழக்க பிள்ள நடக்கப் பழகுது என்றாள். அந்த வாரம் முழுக்க வெள்ளேந்தலில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.