செலின் கை பட்ட சூரை

இந்த ஆண்டு பிப்ரவரி மூன்றாம் தேதி முதல் அறுபத்தோரு நாட்கள், தீவு விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் டெர்வின் வீட்டு வாசற்படியைத் தாண்டிய எந்த உணவும் கெட்டியாக இருக்கவில்லை. முறுக்கு, முழுத் தேங்காய், வறுத்த சூரை மீன், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஆப்பிள் எல்லாம் படிக்கு வெளியே இருக்கிறபடி இருந்தன. உள்ளே ஓரடி எடுத்து வைத்ததும் கூழாகிவிட்டன. தேங்காயை உடைத்தால் ஓட்டுக்குள் வெள்ளைக் கஞ்சி இருந்தது. அந்த வாரம் கப்பல் தாமதமானதால் தக்காளி கிலோ நூற்றிருபது ரூபாய், அதுவும் வீட்டுக்குள் வந்ததும் சாஸ்தான். இரண்டு வாரத்தில் தவக்காலமும் தொடங்கிவிட்டதால், ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று தெருக்காரர்கள் முதலில் மரியாதையாக விலகிப் போனார்கள். பக்கத்து வீட்டு சந்திரமோகன் மட்டும் விலகவில்லை. துறைமுகக் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பற்களையும் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டவர் அவர். மதியம் ஒரு மணியானால் சொந்தத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

இதற்குக் காரணம் டெர்வினின் மனைவி ஜோஸ்லின். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண், ஆனால் மீன் தின்னமாட்டாள். ஆறு வயதில் அவள் கண்ணெதிரே அண்ணன் ஜெபராஜின் தொண்டையில் முள் சிக்கியது. இரண்டு நாள் கழித்து முள் வந்தது, குரல் பாதிதான் வந்தது. அன்றிலிருந்து அவள் மீனைத் தொட்டதில்லை. ஜனவரிக் கடைசியில், ஆறு மாதம் முடிந்த மகள் செலினுக்கு ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்தபோது பிள்ளை கக்கி, இருமி, முகம் சிவந்து, பழத்தை வெளியே துப்பிவிட்டுச் சிரித்தது. பிள்ளை சிரித்தது, தாய்தான் அன்றே எல்லாவற்றையும் மிக்சியில் அரைக்கத் தொடங்கினாள். அடுத்த வாரம் தொண்டைக்கான புனிதர் பிளேசியார் திருநாள். கோயிலில் பங்குச்சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைச் சிலுவையாகப் பிள்ளையின் கழுத்தில் வைத்து மந்திரித்தார். மற்றவர்கள் தொண்டைக்கு நோய் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள். ஜோஸ்லின் வாய்விட்டே கேட்டாள்: “என் பிள்ள தொண்டைக்குள்ள கெட்டியா ஒண்ணுமே போகக் கூடாது, ஐயா.” மெழுகுவர்த்திகளை வாங்கி வந்து, சிவப்பு நாடாவால் குறுக்காகக் கட்டி, சமையலறை நிலையில் தொங்கவிட்டாள். புனிதர் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார்.

முதல் மாதம் ஜோஸ்லினுக்கு ஒரே சந்தோஷம். மிக்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். டெர்வின் கட்சால் தீவுக்குப் போகும் கப்பலில் எஞ்சின் வேலை பார்ப்பவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆசையோடு வீடு வந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் படி தாண்டிக் கொண்டுவந்து, கரண்டியால் வழித்துக் குடித்தான். “ஏட்டி, புயல்ல மாட்டுனப்பகூட நான் இப்படிக் கஞ்சி குடிக்கல. பஸ் கரோ, போதும் விடு!” என்று கெஞ்சினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொள்ள வைத்தது செலின்தான். ஏழு மாதம் முடிந்ததும் பிள்ளை கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொண்டது. தலையைத் திருப்பியது. கரண்டியைத் தட்டிவிட்டு, கூழுக்குள் கையை விட்டு எதையோ தேடியது. ஜோஸ்லின் பாட்டுப் பாடினாள், விமானம் காட்டினாள். பத்துபஸ்தியில் விமானத்துக்குப் பஞ்சமில்லை, கூரையை உரசுவதுபோல இறங்கும். வாய் திறக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் ஏழு கிலோ எண்ணூறு இருந்த பிள்ளை, மாதக் கடைசியில் ஏழு நானூறுக்கு வந்துவிட்டது. அங்கன்வாடி டீச்சர் உமா மகேஸ்வரி அட்டையில் கோடு போட்டபோது அது கீழே சரிந்தது. ஜோஸ்லின் அங்கேயே அழுதாள்.

“கரண்டிக்கு வாய மூடுனா பசி இல்லன்னு ஆயிருமா? அது கை கேக்குது, ஜோஸ்லின்,” என்றாள் உமா மகேஸ்வரி. அவளே மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள். “சீனிக்கிழங்க விரல் நீளத்துக்கு வெட்டி, ரெண்டு விரல்ல அமுக்குனா நசுங்குற பதத்துல அவி. நிமித்தி உக்கார வச்சு முன்னால வையி. கடலை, முழுத் திராட்ச வேணாம். கக்குனா, இருமுனா பதறாத, அது தானே தள்ளிரும். சத்தம் இருக்குற வரைக்கும் பயம் இல்ல. சத்தமே இல்லாமப் போனாத்தான் பயம்.”

அன்றே வாசற்படிக்கு வெளியே பாய் விரித்துப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். டீச்சர் கொண்டுவந்த கிழங்கு கிழங்காகவே இருந்தது. பதம் சரிதானா என்று ஜோஸ்லின் ஒரு விரலால் தொட்டாள். உடனே கூழாகிவிட்டது. டீச்சர் அடுத்த துண்டை எடுத்தாள், அவள் மறுபடி தொட்டாள். இப்படியே நான்கு துண்டுகள் போயின. ஜோஸ்லின் மெழுகுவர்த்திகளை அவிழ்த்துக்கொண்டு பங்குச்சாமியாரிடம் ஓடினாள். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஒண்ணும் இல்லம்மா. கேட்டது நீ. பயம் யாருகிட்ட இருக்கோ அங்கதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஈஸ்டர் ஞாயிறன்று டெர்வின் விடுப்பில் இருந்தான். மேஜையில் கோழிக்குழம்பு, அவித்த சூரை, சீனிக்கிழங்கு, அப்பம் ஆகியவை கிண்ணம் கிண்ணமாக வெவ்வேறு நிறக் கூழ்களாக இருந்தன. சந்திரமோகன் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். உமா மகேஸ்வரி பிள்ளையை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தாயைப் பார்த்தாள். “உன் கை ரெண்டையும் தொடைக்கு அடியில வையி. நான் எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்காத.” ஜோஸ்லின் தன் கைகள் மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். அத்தனை கஷ்டமான வேலையை அவள் பிரசவத்தில்கூடச் செய்ததில்லை.

செலின் சூரைக் கிண்ணத்தில் கையை விட்டாள். பழுப்புக் கூழ் விரலிடுக்கில் வழிந்தது. பிடியை இறுக்கினாள். உள்ளங்கைக்குள் கூழ் நார் நாராகத் திரண்டு, அவித்த சூரைத் துண்டாகவே ஆனது. முள் ஒன்றும் இல்லை. அவள் அதை வாய்க்குள் தள்ளினாள். சரியாக அந்த நேரத்தில் சென்னை விமானம் கூரை மேல் இறங்கியது. தட்டுகள் அதிர்ந்தன. பிள்ளையின் கண்கள் விரிந்தன, வாய் பிளந்தது, நாக்கு வெளியே நீண்டது. இருமுகிறதா, இல்லையா? விமானச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜோஸ்லினுக்கு அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. கைகள் தொடைக்கடியில் துடித்தன. டெர்வின் பாதி எழுந்துவிட்டான். காது உதவாதபோது அவள் கண்ணால் பார்த்தாள், வாழ்க்கையில் முதல்முறையாகப் பயத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தாள். முகம் சிவந்திருக்கிறது, நீலமில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. நாக்கு துண்டை முன்னால் தள்ளுகிறது. பிள்ளைக்கு வேலை தெரிந்திருக்கிறது. அவள் கையை எடுக்கவில்லை.

விமானம் இறங்கி முடித்தது. இருமல் கேட்டது, பிறகு ஈறால் மெல்லும் சத்தம், பிறகு விழுங்கும் சத்தம். செலின் இரண்டு கையாலும் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். டெர்வின் கப்பல் விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டான். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கிழங்கைத் தொட்டாள், கிழங்கானது. கோழியைத் தொட்டாள், கோழியானது. கிண்ணம் கிண்ணமாக வீடு தன் சாப்பாட்டைத் திரும்பப் பெற்றது. சந்திரமோகனின் வாயில் இருந்த கூழும் கோழித் தொடையானது. அவர் கௌரவமாக அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறுநாளே பல்செட்டுக்கு அளவு கொடுக்கப் போனார். மேஜை நிறைந்ததும் செலின் கையில் மிச்சமிருந்த சூரைத் துண்டை அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமா மகேஸ்வரி எடு என்று இன்னும் சொல்லவில்லை, கைகள் இன்னும் தொடைக்கடியில்தான் இருந்தன. ஜோஸ்லின் வாயைத் திறந்தாள். இருபத்தோரு வருடம் கழித்து மீன் தின்றாள். உப்பு சற்றுக் குறைவு, ஆனால் அத்தனை ருசியான மீனை அவள் அதற்கு முன்னும் தின்றதில்லை, அதற்குப் பின்னும் தின்றதில்லை.

எடைக் கோடு மே மாதமே மேலேறிவிட்டது. இப்போது பத்துபஸ்தியில் யார் வீட்டிலாவது சோறு குழைந்துபோனால், பானையை அப்படியே தூக்கிக்கொண்டு டெர்வின் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். செலின் உள்ளே கையை விட்டதும் சோறு பருக்கை பருக்கையாக நிற்கிறது. கூலி ஒன்றும் கிடையாது, முதல் பிடி அவளுடையது. அதை அவள் பாதி வாயிலும் பாதி தலையிலுமாகத் தின்று முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஜோஸ்லினும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.