டம்மி வேட்பாளர் மிக்கேலம்மாள்

டம்மியாக நிற்கத் தன் தம்பியை விட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் வீட்டுக்காரர் ஒரு காரணம் சொன்னார். "தம்பிய நம்ப முடியாது. கடைசி நேரத்துல வாபஸ் வாங்க மாட்டன்னு நின்னுக்குவான். பொண்டாட்டின்னா போடுன்ன எடத்துல கையெழுத்து போடுவா." என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார். கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். காபி டம்ளர்களோடு நின்றிருந்த நானும் சிரித்துத் தொலைத்தேன்.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன், அவர் பேர் சின்னப்பராஜ். எண்பத்தாறில், பல வருஷம் கழித்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றார். காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோயில் தெருவில் இருக்கிற கத்தோலிக்க ஓட்டு மொத்தமும் தனக்கு விழுந்து, மேலத் தெருவில் கொஞ்சம் கிடைத்தால், எதிர்த்து நிற்கும் முனிராஜை அடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மனுவில் ஏதாவது நொட்டை சொல்லித் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எல்லோரும் வீட்டில் இன்னொருவர் பேரிலும் ஒரு மனு போட்டு வைப்பார்கள். அதுதான் டம்மி. முதல் மனு நல்லபடியாக ஏற்கப்பட்டதும் டம்மி தானே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

மனுத் தாக்கல் செய்த அந்த வாரத்தில் நான் ஐந்தாவது முறையாக முழுகாமல் இருந்தேன்.

நாலாவது பிள்ளை பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி என்னை இழுத்துப் பிடித்தார்கள். அப்போதே டாக்டர் ஜானகியம்மாள், "இன்னொண்ணு வந்தா இவளைக் காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று என் வீட்டுக்காரரிடமே சொன்னார். அவர் தலையாட்டினார். ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்றேன், நம்ம சபைக்கு ஆகாது என்றார். தள்ளிப் படுங்கள் என்றேன், அதுவும் அவருக்கு ஆகவில்லை.

அந்த டாக்டர் இருந்த தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஜானகியம்மாள் சோதித்துப் பார்த்து, எட்டு வாரம் என்றார். கலைத்துவிடலாம், உன் உடம்புக்கு அதுதான் சரி என்றார். ஒரு சம்மதப் பாரத்தைக் கையில் கொடுத்து, கீழே இருந்த கோட்டைக் காட்டினார்.

"இங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். பன்னெண்டு வாரம் தாண்டினா இன்னொரு டாக்டரும் பாக்கணும், உனக்கும் ஆபத்து ஜாஸ்தி. சீக்கிரம் வாங்கிட்டு வா."

பாரம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீஷ்தான். கோடு தெரிந்தது, போதும் என்று மடித்து எடுத்து வந்தேன்.

சின்னப்பராஜ் அதைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஏதோ நான் முனிராஜுக்கு ஓட்டுக் கேட்டு நோட்டீஸ் கொண்டுவந்த மாதிரி பார்த்தார்.

"எலக்சன் நேரத்துல இது வெளிய தெரிஞ்சா நம்ம தெருவுல ஒரு ஓட்டு உழுவுமா? சாமியார் மூஞ்சியில நான் எப்படி முழிப்பன்?"

"நான் செத்துட்டா ஓட்டு உழுவுங்களா?"

"சாவுறதும் பொழைக்கிறதும் ஆண்டவர் கையில."

"அப்ப ஜெயிக்கிறதும் அவர் கையிலதானுங்க. நீங்க ஏன் ஜீப்பு வச்சி சுத்திறீங்க?"

அறைந்தார். என் மாமியார் லூர்தம்மாள் அடுப்பண்டை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், ஆய்ந்துகொண்டே இருந்தார். "நானு ஒம்பது பெத்தன். எவ கையிலயும் காயிதம் குடுக்கல" என்றார். ஒன்பதில் மூன்றுதான் மிஞ்சியது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தோடு நின்றதா? மாமியார் வாயிலிருந்து தெருவுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார், வயிற்றில் இருக்கும் உயிரைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தார். பேர் சொல்லவில்லை, அவசியமும் இல்லை, எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. கோயிலை விட்டு வெளியே வரும்போது எதிர்வீட்டு ரோசம்மாள் என் காலடியில் துப்பினாள். அவளுக்கு ஆறு பிள்ளைகள். நாங்கள் ஒரே வருஷத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள்.

எனக்கு மனசு கல்லாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மாதாவிடம் நானே பேசினேன், இடையில் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா, நாலு பிள்ளைகளும் என்னை நம்பி இருக்குது, இதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை என்றேன். அழுகை வந்தது, அழுதேன். எழுந்தபோது முடிவு மாறவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் கெஞ்சினேன். பத்து வாரம் முடிந்தது. அதற்குள் மனு எல்லாம் பரிசீலனை ஆகி, அவருடையதும் சரி, என்னுடையதும் சரி என்று ஒட்டிவிட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்குள் வாபஸ். சனிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "மூணு மணிக்குள்ள யூனியன் ஆபீசுக்கு வந்துரு, ஒரு கையெழுத்து போடணும்" என்றார். உப்பு வாங்கி வா என்பது மாதிரி சொன்னார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நான் மட்டும்தான் ஒரு கையெழுத்துக்கு ஏங்கி நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் ஒரு கையெழுத்துக்கு என்னிடம்தான் வரவேண்டும்.

பாரத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். "இதுல நீங்க போடுங்க, அதுல நான் போடுறன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கத்தினார். லூர்தம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார். நான் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்து இரண்டு பேர் நின்றால் ஓட்டும் பிரியும், மானமும் போகும், முனிராஜ் மைக் வைத்துச் சிரிப்பான் என்பது அவருக்குத் தெரியாதா? கடைசியில் பேனாவைப் பிடுங்கி, தாளே கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "மூணு மணி" என்றார்.

ஒன்பதரை பஸ் பிடித்துத் தருமபுரி போனேன். ஜானகியம்மாள் உள்ளே ஒரு பிரசவத்தில் இருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே மேசையில் ஆஸ்பத்திரி அட்டெண்டர் பச்சியப்பன் ஒரு கட்டுத் தாளை வைத்துக்கொண்டு மரஸ்கேலால் வேலை செய்துகொண்டிருந்தார். கோடு போடுவார், கோட்டுக்கு அடியில் நீலப் பேனாவால் 'கணவர் கையொப்பம்' என்று எழுதுவார், அடுத்த தாளை எடுப்பார்.

என் கையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். அதே நீல மை. மேலே அச்சில் இருந்த கையெழுத்துக் கோடு ஒன்றே ஒன்று. அடியில் இருந்தது பச்சியப்பன் கோடு.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் பாரத்தை நீட்டவில்லை. "அச்சுல ஒரே கையெழுத்துதானுங்களே இருக்குது. அது யாருது?"

"உன்னோடது."

"இந்தக் கோடு சட்டத்துல இருக்குதுங்களா?"

பச்சியப்பன் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார்.

"சட்டத்துல இல்ல. பதினெட்டு வயசு தாண்டினவளுக்கு அவ சம்மதம் போதும். பின்னாடி புருஷன்காரனுங்க குடிச்சிட்டு வந்து கண்ணாடிய உடைக்கிறானுங்க. யாரு பதில் சொல்றது? அதுக்குத்தான் நாங்களே போட்டுக்கிட்டோம்."

"உங்க கண்ணாடிக்காக என்ன ரெண்டு வாரத்துக்கு மேல அடிவாங்க வச்சிட்டீங்களே டாக்டரம்மா."

சாமியாரிடம் வராத கோபம், மாமியாரிடம் வராத கோபம், அந்தப் படித்த பொம்பளையிடம் வந்தது. எனக்குச் சொந்தமான ஒன்றைக் கேட்டு நான் புருஷனிடம் பிச்சை எடுத்திருக்கிறேன். பிச்சை எடுத்ததும் இல்லாமல், அதற்கு விலையாக என் வேட்பு மனுவையும் விட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கோடு போடாத தாள் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். டாக்டர் முகம் கடுகடுவென்று இருந்தாலும் எடுத்துத் தந்தார். என் பேர், வயசு முப்பத்தி ரெண்டு, கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

யூனியன் ஆபீசுக்கு நான் போய்ச் சேரும்போது இரண்டரை ஆகிவிட்டது. புளியமரத்தடியில் ஜீப், ஜீப்பைச் சுற்றி அவருடைய ஆட்கள். எதிர்ப்பக்கம் முனிராஜ் ஆட்கள் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் வாபஸ் பாரத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார்.

அவர் கையெழுத்துப் போட்ட தாளை அவர் கையில் கொடுத்தேன்.

"இது எனக்கு வேணாமுங்க. என் கையெழுத்தே போதும்னு டாக்டரே சொல்லிட்டாங்க. உங்க கையெழுத்த திருப்பிக் குடுத்துட்டன். என் கையெழுத்து என்கிட்டயே இருக்கட்டும்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். "வூட்டுக்கு வா, உன்ன வச்சிக்கிறன்" என்றார். ஆட்களில் ஒருவர், "அண்ணி, அண்ணன் மானத்த வாங்காதீங்க, ஒரு கோடு இழுத்துட்டுப் போங்க" என்று பேனாவை நீட்டினார். இன்னொருவர் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தார். அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வேட்பாளர் மேல் கை வைத்தால் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். வேட்பாளர் என்று என்னைச் சொன்னது எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. மூன்று மணி அடிக்கும் வரை அதிகாரியின் அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றேன்.

திங்கட்கிழமை போனேன். வேலை முடிந்தது. வலித்தது, ரத்தம் போனது, ஆனால் நின்றது. மயக்கம் தெளிந்து பார்த்தபோது நான் இருந்தேன். துக்கமும் இருந்தது, அதை யாரிடமும் மறைக்கவில்லை, யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை.

வீட்டில் எனக்குச் சோறு இல்லை என்று லூர்தம்மாள் தனி அடுப்பு வைத்தார். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார், அது நிம்மதியாகத்தான் இருந்தது. தவக்காலம் தொடங்கியிருந்தது. எனக்குச் சின்னமாக மண்வெட்டி கொடுத்திருந்தார்கள். சும்மா நிற்பதற்கு நான் டம்மி இல்லையே, ஆறாம் நாள் ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். முனிராஜ் ஆள் அனுப்பினார், மைக்செட்டும் ஜீப்பும் தருகிறோம், புருஷனைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று. என் வூட்டுச் சண்டைக்கு அவர் மைக் எதற்கு என்று திருப்பி அனுப்பினேன்.

வீடு வீடாகப் போய் ஒன்றையே சொன்னேன். "ஆஸ்பத்திரியில நம்ம கையெழுத்து போதும். கோடு போட்டுக் கேட்டா, அச்சுல எங்க இருக்குதுன்னு கேளுங்க. நான் தலைவரா வந்தா அந்தத் தாள நானே போய்ப் பாப்பன்." பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சாணித் தண்ணீரை வாசலில் ஊற்றுகிற மாதிரி என் மேல் ஊற்றினார்கள். கொலைகாரி என்று ஒரு பெரியவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். புடவையை அலசிக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

எனக்கு நாற்பத்தொரு ஓட்டு விழுந்தது. முனிராஜ் என் வீட்டுக்காரரை இருபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சின்னப்பராஜ் நாற்பத்தொன்றிலிருந்து இருபத்து மூன்றைக் கழித்துக் கழித்து ஊரெல்லாம் காட்டினார். அந்த நாற்பத்தொரு பேர் யார் என்று தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. எனக்கும் தெரியாது. பெட்டிக்குள் போட்டதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம், குழாயடியில் யாரும் இல்லாத நேரம், ரோசம்மாள் குடத்தோடு வந்தாள். கோயில் வாசலில் துப்பிய பிறகு அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. குடத்தைக் குழாயில் வைத்து, தண்ணீர் சத்தம் வந்த பிறகு பேசினாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கி எந்த பஸ்ஸுல போவணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் குடத்தை உதைத்திருப்பேன். கேட்டவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"ஒம்பதரை பஸ்ஸு" என்றேன். "கையெழுத்து போடத் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று தலையாட்டினாள். குடம் நிறைந்து வழிந்தது, இரண்டு பேரும் எடுக்கவில்லை. காய்ந்த சிமெண்டுத் தரையில் ஈர விரலால் அவள் பேரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டினேன். காய்வதற்குள் பார்த்துக்கொள் என்றேன்.