செங்கமலத்தின் பஸ் நேரப் பக்கம்

செங்கமலம் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம்.

"பஸ் டைம் அக்கா நீங்கதான?"

"ஆமா. நீ யாரும்மா?"

"எம் பேரு மலர்கொடி. எங்க வூட்டுக்காரரு குமரவேல் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருக்காரு. ஒங்க சைட்டுல ராப்பகலா சீட்டாடிகினு கெடக்குறாரு. ரெண்டு மாசமா சம்பளம் வூட்டுக்கு வரல. வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொழப்பு?"

"சீட்டா? என் சைட்டு பஸ் டைம் பாக்குறதும்மா."

மலர்கொடி போனை நீட்டினாள். முகவரி செங்கமலத்தினுடையதுதான். மேலே அவள் எடுத்த படம், பண்ருட்டி போகும் டவுன் பஸ், அப்படியே இருந்தது. அதற்குக் கீழே சீட்டுக்கட்டு விரிந்து விரிந்து மூடியது. 'இன்றே விளையாடுங்கள், இன்றே வெல்லுங்கள்.' அடியில் பழைய வரி: 'தொகுப்பு: செங்கமலம், நெய்வேலி.'

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் அந்தப் போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் திருச்சியில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தாள். இடையில் இரண்டு பேர் போன் செய்து சைட் திறக்கவில்லை என்றார்கள். சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அருளிடம் கேட்டதற்கு, "சர்வர் வேலை நடக்குது அக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். அவளும் ரெஸ்ட் எடுத்தாள்.

அந்தப் பக்கத்தை அவள் தொடங்கியது இரண்டாயிரத்து ஒன்றில். அப்போது சுரங்கத்தில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் கிளார்க். காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அடுத்த பஸ் எப்போது என்று அவளிடம்தான் கேட்பார்கள்; அவள் டைரியில் எழுதி வைத்திருப்பாள். பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்ததும் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்து, இலவசமாகக் கிடைத்த இடத்தில் தானாகவே தட்டுத்தடுமாறி ஒரு பக்கம் செய்தாள். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, இடமிருந்து வலமாக நகரும் ஒரு பஸ் பொம்மை. தமிழ் தெரிய வேண்டுமானால் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று மேலேயே எழுதியிருந்தாள். விருந்தினர் பக்கத்தில் யாரோ ஒருவர், ஆறு பத்து வண்டி ஆறு இருபத்தைந்துக்குத்தான் வருகிறது என்று எழுதினார். ஒரு வாரம் போய் நின்று பார்த்துவிட்டு நேரத்தைத் திருத்தினாள்.

இலவச இடம் கொடுத்த கம்பெனி கடையை மூடியபோது லீவு போட்டு ஒவ்வொரு அட்டவணையாக வலைப்பூவுக்கு மாற்றினாள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அருள்தான், "சொந்தமா ஒரு அட்ரஸ் வாங்கிடலாம் அக்கா" என்று சொல்லிச் செய்து கொடுத்தான். தினமும் ஆயிரம் பேர் பார்த்தார்கள். சுரங்கம் விரிய விரியச் சாலைகள் திரும்பின. சில நிறுத்தங்கள் ஊரோடு போயின. அவற்றுக்காக 'இப்போது ஓடாத பஸ்கள்' என்று ஒரு பக்கம் வைத்தாள். நிறுத்தத்தின் பெயர், வண்டி எண், நேரம், கடைசியாக ஓடிய நாள். மொத்தம் நாற்பத்து மூன்று வண்டிகள்.

"கெளம்பு. எங்கூட வா" என்றாள் மலர்கொடியிடம்.

"எங்க?"

"சைட்டப் பாத்துக்குறவன் கடைக்கு."

ஷேர் ஆட்டோ பிடித்து இருவரும் பஜாரில் இறங்கினார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் அருள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்கக்கா. முட்டி எப்படி இருக்கு?"

"என் சைட்ட யாருக்குக் குடுத்த?"

"ரெனியூவல் விட்டுப்போச்சுக்கா. எவனோ புடிச்சிட்டான்."

"பொங்கலுக்கு முன்னாடி உன் கையிலதான் ரெனியூவலுக்குக் காசு குடுத்தேன்."

அருள் மலர்கொடியைப் பார்த்தான், கடை வாசலைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். ஒரு பார்ட்டி வந்து கேட்டாங்க. அட்ரஸ் என் பேர்லதான் இருந்துது. உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சிருக்கேன்க்கா."

"பஸ் டைமை வச்சு அவங்க என்ன பண்ணப்போறாங்க?"

"பஸ் டைமுக்கு யாரு காசு குடுப்பாங்க? டெய்லி ஆயிரம் பேரு வர்றாங்கல்ல, அதுக்குத்தான் விலை."

"என் பேரை எதுக்கு விட்டு வச்ச?"

"பேரு இருந்தா ஆளுங்க நம்பி உள்ள வருவாங்கன்னு அவங்கதான் சொன்னாங்க."

செங்கமலம் அவன் மேஜை முன்னால் போய் நின்றாள். முப்பது வருஷம் டைம் ஆபீசில் இருந்தவள். குடித்துவிட்டு வந்து சண்டை போட்டவர்களிடம்கூடக் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"நான் எழுதினதெல்லாம் எங்க?"

"காலி பண்ணிக் குடுக்கச் சொன்னாங்க."

"ஓடாத பஸ்ஸுங்க பக்கம்?"

"எல்லாந்தான்க்கா. ஓடாத பஸ்ஸுக்கு டைம் எதுக்குன்னு..."

அவனுக்குப் பின்னால் சுவரில் 'எங்கள் தயாரிப்புகள்' என்று ஒரு பிளெக்ஸ் தொங்கியது. முதல் படமே அவளுடைய பக்கம்தான். செங்கமலம் மேஜையைச் சுற்றிப் போய் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு காரை பெயர்ந்து கீபோர்டின் மேல் விழுந்தது. பிளெக்ஸ் கிழியவில்லை. அதைத் தரையில் போட்டு மிதித்தாள். புது முட்டி வலித்தது. மறுபடியும் மிதித்தாள்.

"அக்கா, ஆளுங்க பாக்குறாங்க" என்றான் அருள்.

"பாக்கட்டும்."

மறுநாள் கடலூருக்குப் போய் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தாள். அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பேரைப் போட்டு ஏமாத்துறாங்க இல்லைங்களா, அதை எடுத்துக்குறோம். அட்ரஸ் அவரு பேர்ல வாங்கினது. அது திரும்பக் கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. நீங்க எழுதினதுக்குக் காப்பி ஏதாவது இருக்குங்களா?"

இல்லை. ரிட்டயரானதும், இடையில் குடியிருந்த கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து வடக்குத்துக்கு வந்தபோது, எல்லாம்தான் சைட்டில் இருக்கிறதே என்று டைரிகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அருள்மேல் வந்த அதே கோபம் தன்மேலும் வந்தது.

இரண்டு வாரத்தில் அவள் பெயரும் பஸ் படமும் அங்கிருந்து போயின. சீட்டுக்கட்டு போகவில்லை. மலர்கொடி புருஷனின் போனைப் பிடுங்கி வைத்தாள். அவன் தன்னுடன் வேலை செய்கிறவனின் போனில் விளையாடினான்.

செங்கமலம் நோட்டீஸ் அடித்தாள். 'அந்த முகவரி இப்போது என்னுடையது அல்ல. அங்கே இருப்பது சூதாட்டம். என்னைக் கேட்காமல் அதை விற்றவர், பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அருள்.' அச்சகத்துக்காரர் பெயர் வேண்டாமே என்றார். பெயர் இல்லாவிட்டால் நோட்டீஸே வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டிலும் டவுன்ஷிப் நுழைவான ஆர்ச் கேட்டிலும் காடாம்புலியூர் நிறுத்தத்திலும் அவளும் மலர்கொடியும் பசை தடவி ஒட்டினார்கள்.

"எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போற வழியில ஒண்ணு ஒட்டணும்க்கா" என்றாள் மலர்கொடி. நான்கு ஒட்டினார்கள்.

பிறகு செங்கமலம் மகளின் பழைய லேப்டாப்பில் புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். முகவரியைத் தன் பெயரிலேயே வாங்கினாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, படம் ஏதுமில்லை. முதல் பத்தியில் நடந்ததை அருள் பெயரோடு எழுதினாள். ஓடுகிற பஸ்களின் நேரத்தைத் திரும்பச் சேர்க்கப் பத்து நாள் ஆயிற்று. ஓடாத பஸ்கள்தான் வரவில்லை. ரிட்டயரான டிரைவர் கொளஞ்சியப்பனைப் போய்ப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி யோசித்து ஐந்து சொன்னார். அவளுக்கு ஆறு நினைவிருந்தது. மற்ற வரிசைகளை நீக்காமல் வெறுமையாக விட்டாள்.

ஒரு சாயங்காலம் அருள் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, கடைக்கு யாரும் வர்றதில்ல. புள்ளைங்கள ஸ்கூல்ல கேக்குறாங்க. நோட்டீஸ் போனாப் போவுது, சைட்டுல இருக்குற பேரை மட்டுமாவது எடுத்துடுங்க. எந்த ஊர்ல இருந்து பாத்தாலும் தெரியுது."

செங்கமலம் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"நாப்பத்தி மூணுல பதினொண்ணுதான் கெடச்சுது. மிச்சம் முப்பத்திரெண்டும் எந்த நிறுத்தம், எத்தனை மணின்னு சொல்லு. சொல்லிட்டா எடுத்துடறேன்."

அருள் வெறும் வரிசைகளைப் பார்த்தான்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அழிக்க மட்டும் தெரிஞ்சுதா?"

அவன் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது வரிசையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கடையை ஒட்டிய நிறுத்தம் அது, காலை வண்டி. ஏழு ஐந்தா, ஏழு பதினைந்தா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஊகித்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.