மண்ணெண்ணெய்த் துடிப்பு

1
இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். கிளிநொச்சியில் கிளினிக் வாங்கிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இடைக்கிடை ஒரு அடி தவறுது. பரவாயில்லை, ஓடும்" என்று போனில் யாருக்கோ சொன்னார். தன் இதயத்தைத்தான் சொன்னார். அவருக்கு வீரபாகு என்று பெயர் வைத்து, ஜெயபுரத்தில் ஒரு வீடும் கொடுத்துவிட்டேன்.

2
முதல் தொடக்கம்: "கொழும்பில், நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயொன்றை விட்டு..." (வேண்டாம். ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.)

சுருக்கமாகச் சொல்கிறேன். பழுதான இதய வால்வுக்குள் புது வால்வு வைத்தாயிற்று. துடிப்புத் தடுமாறினால் உடனே வரவேண்டும், பிந்தினால் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடும் என்று டாக்குத்தர் படித்துப் படித்துச் சொன்னார். மாதம் திரும்பவில்லை, தடுமாறத் தொடங்கிவிட்டது. மனுசன் வீட்டிலும் டாக்குத்தரிடமும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

3
பயத்தில் மறைத்தார் என்று முதலில் எழுதினேன். பொய். அவருக்குச் சந்தோசம்!

யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக இருந்த அந்தக் காலத்தில் வன்னியில் பெட்ரோல் ஏது? ஒரு சொட்டுப் பெட்ரோலைக் காட்டி உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீரபாகுவின் மோட்டார் சைக்கிள் இருமும், ஒரு அடி தவறும், பிறகு பிடித்துக்கொள்ளும். பின்னால் புதுப்பெண்ணாகக் கமலாட்சி. ரோட்டு முழுக்க வெள்ளைப் புகையும் அவள் சிரிப்பும். (அந்தப் புகை மணத்தை என் மூக்கு இன்னும் தேடுகிறது. பாழாய்ப்போன காலம்தான், ஆனாலும் தேடுகிறது.) இப்போது இடப்பக்கம் சரிந்து படுத்தால் அவருக்கு அதே சத்தம் கேட்கிறது. டாக்குத்தரிடம் போனால் அதை நிறுத்திவிடுவார்களே என்று...

(இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்கிறீர்களா? வன்னியில் இருப்பான்.)

4
ஒரு பின்னேரம் வாய் தவறிச் சொல்லிவிட்டார், பெருமையாக வேறு.

"அந்த மோட்டச்சைக்கிள் மாதிரியே அடிக்குது கமலா. அது ஒருநாளும் நிண்டதே?"

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கமலாட்சியின் கை நின்றது.

"எத்தினை தரம் நிண்டது. நீங்கள் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் பாத்தனீங்கள். பின்னால நிண்டு தள்ளினது நான்."

முருங்கைக் காம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இதை நான் என்னெண்டு தள்ளுறது?"

5
முடிவு ஒன்று: அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். (சும்மா சொல்கிறேன். அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: "விடியட்டும் பாப்பம்" என்று படுத்தவர்... (இதை எழுதமாட்டேன்.)

கமலாட்சி சீலை மாற்றிக்கொண்டு வாசல் படலையடியில் நிற்கிறாள். வீரபாகு இன்னும் எழும்பாமல் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நீங்கள் ஒருக்கால் அவரை எழுப்பிவிடுங்கள்.