முதலாவது பெயர்

என் மனைவி பிலோமினா கடன் கம்பனிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா. எடுத்தது எண்பதாயிரம். வீடு கட்டவோ வலை வாங்கவோ எடுக்கவில்லை. எனக்குக் குடலிறக்கம் வெட்டித் தைத்த பிறகு நாலு மாதம் ஊர்காவற்றுறைத் துறையில் மீன்பெட்டி தூக்க முடியாமல் கிடந்தேன். அந்த நாலு மாதமும் நாங்கள் சாப்பிட்டது அந்தக் காசைத்தான்.

கிழமைக் கடன் எடுக்காதவர்களுக்கு அது விளங்காது. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்திக்கு மற்ற நாலு பேரும் பிணை. ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து மணிக்குக் கம்பனிப் பெடியன் றொமேஷ் மோட்டார்சைக்கிளில் வருவான். எங்கள் பக்கத்தில் ஐந்து குழு; இரண்டு பேர் கட்டி முடித்துப் போக, இருபத்துமூன்று பெண்கள் கடன்காரர். எல்லாரும் ஜெனீற்றாவின் முற்றத்தில் பூவரசுக்குக் கீழே வந்து இருக்க வேண்டும். ஒருத்தியிடம் காசு இல்லையென்றால் அவளுடைய குழு சேர்த்துக் கட்டும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. அடுப்பில் சோறு கரிந்தாலும் எழும்ப முடியாது. அதனால் றொமேஷ் யாரையும் ஏச வேண்டியதில்லை. அந்த வேலையைப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை நிலாந்தியிடம் காசு இல்லை. புருஷன் இரண்டு கிழமையாகக் கடலுக்குப் போகவில்லை. மற்ற நாலு பேரும் அவளைப் பேசின பேச்சு துறைவரைக்கும் கேட்டது. பேசினவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. மதியம் தாண்டியது. நிலாந்தி காதிலிருந்த தோட்டைக் கழற்றி றொமேஷின் கதிரைக் கையில் வைத்தாள்.

ஜெனீற்றா எழும்பி வந்து அந்தத் தோட்டை எடுத்து நிலாந்தியின் கையிலேயே பொத்தி வைத்தாள்.

"தம்பி றொமேஷ், எழுதிக்கொள்ளும். இண்டையிலயிருந்து இந்த முத்தத்தில ஒருத்தரும் கட்ட மாட்டினம்."

"அக்கா, பகிடி விடாதேங்கோ. நான் இனி வேலணைக்குப் போகோணும்."

"போம். அங்கையும் போய் இதைச் சொல்லும்."

"என்ர சம்பளத்திலயெல்லோ வெட்டுவாங்கள்."

"அப்ப நீரும் வந்து எங்களோட இரும். கதிரை தாறம்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பல மாதங்களாக அந்த முற்றத்தில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

ஜெனீற்றா பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. கருவாடு போடுகிறவள். புருஷன் அன்ரனிதாஸ் கடலில் போட்டுக்குள்ளேயே நெஞ்சு வலியில் செத்துப்போனவன். அவன் விட்டுப்போன போட்டையும் இன்ஜினையும் பங்குக்கு விட்டு, அதில் வருவதைக் கொண்டு மகள் நிலக்சனாவைப் படிப்பித்தாள். அந்த இன்ஜின் திருத்தத்தான் அவளும் கடன் எடுத்தவள். கடனே கட்டமாட்டோம் என்று அவள் சொல்லவில்லை. வட்டியை நிற்பாட்டினால் முதலை மாதம் மாதம் கட்டுகிறோம் என்றுதான் கேட்டாள். அதை மனுவாக எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுப்பதென்று முடிவானது.

எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

"ஏன் பிள்ளை, படிச்ச பெட்டையள் இருக்கேக்க?" என்றேன்.

"உங்கட எழுத்துப் பெரிசண்ணை. கண்ணாடி இல்லாதவையும் வாசிப்பினம்."

பிறகு ஒன்று சொன்னாள். "பேருகளை வரிசையா எழுதாதேங்கோ. சாப்பாட்டுக் கோப்பையைக் கவிட்டு வட்டம் கீறி, அதைச் சுத்தி எழுதுங்கோ. ஆர் முதல், ஆர் கடைசி எண்டு ஒருத்தனும் கண்டுபிடிக்க ஏலாது. என்ர ஐயா ஆக்கள் மண்கும்பானில கரைவலை இழுத்த காலத்தில, கூலி கூட்டச் சொல்லி வலை முதலாளி சம்மாட்டிக்கு அப்பிடித்தான் எழுதிக் குடுத்தவை. வரிசையில எழுதினா முதலாவது ஆளைத்தான் வேலையால நிப்பாட்டுவான்."

"ஓம், விளங்குது," என்றேன். விளங்கினது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து, பிலோமினாவின் கோப்பையால் வட்டம் கீறினேன். எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில், மாதா கோயில் மண்டபத்தில் சிஸ்ரர் நடத்திய வகுப்பில். நேர்கோட்டில் எழுத மட்டும்தான் என் கைக்குத் தெரியும். வட்டத்தில் ஆறாவது பெயர் எழுதும்போது எழுத்துகள் சரியத் தொடங்கின. ஒன்பதாவது பெயர் தலைகீழாக வந்தது. கொம்பை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியவில்லை. பதினோராவது பெயரோடு இடம் முடிந்துவிட்டது. இன்னொரு தாளில் சின்னதாக எழுதிப் பார்த்தேன். அதுவும் பழுது. மிச்சம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

"வரிசையா எழுதுங்கோவன். என்ன வந்திடப்போகுது?" என்றாள் பிலோமினா.

வரிசையாக எழுதினேன். யாருடைய பெயரை முதலில் போடுவது? எங்கள் கோயில் பெருநாள் நோட்டீசில் தலைவரின் பெயர் மேலே, பெரிய எழுத்தில் இருக்கும். அதுதான் மரியாதை. ஜெனீற்றாவுக்குக் கொடுக்க என்னிடம் வேறு மரியாதை இருக்கவில்லை. "1. தலைவி, திருமதி அ. ஜெனீற்றா" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடுகள் நேராக வந்ததில் எனக்குச் சந்தோசம்கூட.

அடுத்த நாள் காலை பெண்கள் கையெழுத்து வைக்க வந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

"வட்டம் வரேல்லையோ அண்ணை?"

"வரேல்லைப் பிள்ளை. வேற தாள் வாங்கியாறன்."

"கடை திறக்கப் பத்து மணியாகும். செயலகத்தில ஒன்பதுக்கு வரச் சொன்னவை." பேனையை வாங்கினாள். "பரவாயில்லை. ஆரோ ஒராள் முன்னுக்கு நிக்கத்தானே வேணும்."

முதலாவதாக அவள் கையெழுத்து வைத்தாள்.

அதன்பிறகு பதினொரு கிழமை ஒருவரும் கட்டவில்லை. றொமேஷ் வருவான், கதிரையில் இருப்பான், ஜெனீற்றா கொடுக்கும் பால் விடாத பிளேன்ரீயைக் குடிப்பான், போவான். "தம்பிக்குச் சீனி காணுமோ? வட்டியோட சேர்த்துப் போடட்டோ?" என்று கேட்டுப் பெண்கள் அவனைப் பாடாய்ப் படுத்தினார்கள். வேறு ஊர்ப் பெண்களும் பஸ் ஏறி வந்து ஜெனீற்றாவிடம் கதைத்துப் போனார்கள். துறையில் ஆண்கள், "எங்கட துறைக்கும் அவவையே தலைவியாப் போடுவம்," என்று பகிடியாகத் தொடங்கி, போகப்போக உண்மையாகவே சொன்னார்கள். பிலோமினா நிலாந்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். புதன்கிழமை என்றால் வயிறு எரியாத நாட்கள் அவை.

பன்னிரண்டாவது கிழமை பதிவுத்தபால் வந்தது. இருபத்துமூன்று வீடுகளில் ஒரே ஒரு வீட்டுக்கு.

வழக்கு நடக்கிற கோட்டுக்கு முன்னால் கடிதம் எழுதிக் கொடுக்கிற குலசிங்கத்தாரிடம் ஜெனீற்றாவும் நானும் அதைக் கொண்டு போனோம். மனுவின் பிரதி ஒன்றும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. கம்பனிக்கு அது எப்படிப் போனதென்று எங்களுக்குத் தெரியாது. என் எழுத்து. என் இரண்டு கோடு.

குலசிங்கத்தார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். "மற்றவைய விட்டிட்டு உம்மில மட்டும் போட்டிருக்கிறாங்கள். கடனுக்கும் வழக்கு, ஆக்களைக் கட்ட வேண்டாமெண்டு தூண்டினதுக்கு நட்டஈடும் கேட்டிருக்கு. தலைவி எண்டு நீங்களே எழுதிக் குடுத்தா அவங்களுக்கு வேற சாட்சி என்னத்துக்கு? எந்த விசரன் இப்பிடி எழுதினது?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"நான்தான் சொல்லி எழுதுவிச்சனான் ஐயா."

பஸ்ஸில் வரும்போது நான் அவளின் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளை, நான் போய்ச் சொல்லுறன், என்ர பிழைதான் எண்டு," என்றேன். "ஆரிட்டச் சொல்லப் போறியள்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்கு ஓர் இடமும் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து றொமேஷ் இருபத்திரண்டு கடிதங்களோடு வந்தான். அன்று அவன் பிளேன்ரீ வேண்டாம் என்றான். கையெழுத்து வைத்தால் வட்டியும் மிச்சக் கடனும் முழுதாகத் தள்ளுபடி. கடிதத்தில் என்ன இருக்கிறதென்று வாசித்துக் காட்டச் சொல்லிப் பெண்கள் கேட்டார்கள். அவன் குனிந்துகொண்டு, "சில்வெஸ்ரர் அண்ணை வாசிக்கட்டும்," என்றான்.

நான் எழும்பி நின்று வாசித்தேன். நான் எழுத்தெழுத்தாகத்தான் வாசிக்கிறவன். அதனால் அந்த வசனம் முடிய நெடுநேரம் எடுத்தது. "ஜெனீற்றா என்பவரின் பிழையான வழிநடத்தலினாலேயே நாம் தவணைப் பணத்தைச் செலுத்தாது விட்டோம் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்."

ஜெனீற்றா எனக்கு எதிரே, பூவரசின் வேரில் இருந்தாள்.

"நான் வைக்க மாட்டன்," என்றாள் நிலாந்தி.

"வைக்காட்டி?" என்று நான் றொமேஷைக் கேட்டேன்.

"வைக்காட்டி எல்லாருக்கும் வழக்கு வரும் அண்ணை. ஒராளுக்கு ஒராள் பிணைதானே. என்னைப் பார்க்காதேங்கோ. நான் கொண்டுவாறவன் மட்டும்தான்."

காகம் ஒன்று கருவாட்டுப் பாயில் வந்து இருந்தது. அதை விரட்டக்கூட யாரும் எழும்பவில்லை. ஜெனீற்றாதான் எழும்பிப் போய் விரட்டிவிட்டு வந்தாள்.

"வையுங்கோ. எல்லாரும் வையுங்கோ."

"உங்களைப் பிழையெண்டு நாங்கள் எழுதிக் குடுக்கிறதோ அக்கா?" நிலாந்தி அழுதாள்.

"வழக்கு இப்பவும் என்னிலதான், நீங்கள் வைக்காட்டியும் என்னிலதான். இருபத்திரண்டு பேர் தப்பினாக் காணும். இதுக்குத்தானே துவங்கினனாங்கள்? அழாத. வை."

நிலாந்தி வைத்தாள். ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். பிலோமினாவின் முறை வந்தபோது பேனையைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் வைத்திருக்க மாட்டாள். பதினெட்டு வருசம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். என் வயிற்றில் தைத்த இடம் இன்னும் குனிந்தால் இழுக்கிறது. அந்த ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரத்தை நினைத்தேன். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் வைத்தாள்.

தள்ளுபடிக் கடிதம் மாத முடிவில் வந்தது. பிலோமினா அதை மாதாவின் படத்தில், பிரேமுக்குப் பின்னால் சொருகி வைத்தாள். அன்று எங்கள் வீட்டில் கோழி இல்லை, ஒன்றும் இல்லை. வழமைபோல் சொதியும் சோறும்தான்.

ஜெனீற்றா இரண்டு தவணை கோட்டுக்குப் போனாள். முதல் தவணைக்கு நாங்கள் ஆறு பேர் கூடப் போனோம். இரண்டாம் தவணைக்கு நான் மட்டும். கூலியை விட்டுவிட்டுப் பெண்கள் எத்தனை நாள் வருவார்கள்? பிறகு கம்பனிக்காரர் சமாதானம் பேசினார்கள். அவள் கடனை வட்டியோடு ஒரே தடவையில் கட்டினால் நட்டஈட்டை விட்டுவிடுவார்களாம். இரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து முந்நூறு.

அவளிடம் விற்க இருந்தது இன்ஜின்தான்.

வாங்குகிறவன் காரைநகரிலிருந்து போட்டில் வந்தான். இன்ஜினை அவளின் கொட்டிலிலிருந்து துறைக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும். அவள் என்னிடம்தான் வந்தாள்.

"வயித்துக்கு ஏலுமோ அண்ணை?"

"ஏலும்."

ஏலாது. ஆனாலும் தோளில் ஏற்றினேன். எண்ணெய் காய்ந்து கறுத்த இன்ஜின். அன்ரனிதாஸ் உள்ளங்கையால் தட்டித்தட்டியே ஓட்டினது. வழியில் வீடுகளில் பெண்கள் நின்றார்கள். எங்களைக் கண்டதும் உள்ளே போனார்கள். நிலாந்தி மட்டும் வேலிப் படலையில் நின்றாள். ஜெனீற்றா எனக்கு முன்னால் நடந்தாள்.

துறையில் காசு கைமாறியது. றொமேஷ் அங்கேயே காத்துக்கொண்டு நின்றான். இரண்டு தரம் எண்ணிப் பையில் வைத்துவிட்டு ரசீது எழுதினான். மிஞ்சினதில் ஐந்நூறு ரூபாவை எடுத்து அவள் என் சட்டைப்பையில் வைத்தாள்.

"என்ன பிள்ளை இது! எடும்."

"கூலி அண்ணை. துறைக்கு எண்டு ஒரு கணக்கு இருக்கு. வேற ஆள் தூக்கியிருந்தாக் குடுத்திருக்க மாட்டனோ?"

திருப்பிக் கொடுக்க என் கை வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

"அக்கா, சாட்சிக்கு ஒராள் கையெழுத்து வைக்கோணும்," என்றான் றொமேஷ்.

சுற்றிப் பார்த்தோம். காரைநகர்க்காரன் போட்டில் இன்ஜினைக் கட்டிக்கொண்டிருந்தான். வேறு ஒருவரும் இல்லை.

ரசீதை ஐஸ்பெட்டியின் மூடியில் வைத்தார்கள். மேலே அவளின் பெயர் மட்டும்தான் இருந்தது. தலைவி என்று இல்லை. கடன் முழுமையாகச் செலுத்தப்பட்டது என்று கீழே அச்சடித்திருந்தது. அதற்கும் கீழே, அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில், நான் சில்வெஸ்ரர் என்று எழுதினேன். பாரம் தூக்கின கைக்குப் பேனை அடங்கவில்லை. எழுத்துகள் வட்டத்தில் எழுதினதுபோல் சரிந்து போயின.

"காணும் அண்ணை," என்று றொமேஷ் தாளை இழுத்துக் கிழித்து, கம்பனிப் பாதியை வைத்துக்கொண்டு மற்றப் பாதியை அவளிடம் கொடுத்தான்.