ஆள் மாற்றி விட்ட ஆட்டோ

மேடவாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில், மடியிலிருந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரூக்சார். செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட் இதுதான்: தாம்பரத்தில் கிளம்பிய செய்தி, ஓடும் ஷேர் ஆட்டோக்களுக்கிடையே கம்பியில்லாமல் கைமாறி மேடவாக்கம் சேர வேண்டும். அங்கே தேர்வாளர் கஸ்தூரிரங்கன் காத்திருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது, வழக்கம்போல்தான் ஓட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ஏற்கெனவே ஒருமுறை சோதனை ஊற்றிக்கொண்டுவிட்டது. இன்றும் போனால் பட்டமும் போச்சு, சிறுசேரி ஐ.டி. வேலையும் போச்சு.

எந்த வண்டி மேடவாக்கத்துக்குக் கிட்டே இருக்கிறதோ அதற்குச் செய்தியைக் கொடுத்துவிட்டுத் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும், அவள் எழுதிய புரோகிராம். செம்பாக்கத்தில் அவள் வண்டிக்கு முன்னால் போன தேவானந்தத்தின் ஆட்டோவில், சீட்டடியில் கட்டியிருந்த லேப்டாப்புக்குக் கொடுத்தும்விட்டது.

போன் அடித்தது. தேர்வாளரோடு நின்ற வகுப்புத் தோழன் ஜெபின். "இன்னும் வரல ரூக்சார். சார் பேனாவைப் பையில வெச்சிட்டாரு."

அப்போதுதான் எதிரே தேவானந்தத்தின் ஆட்டோ காலியாக வந்தது! நாலு பேருக்காக மேடவாக்கம் வரை போவானேன் என்று, ஆட்களை வேறொரு வண்டிக்கு மாற்றி விட்டுத் திரும்பிவிட்டான் மனுஷன். செய்தியும் மறுபடி தாம்பரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தூரத்தைக் கணக்குப் பண்ணியவள் திசையைக் கணக்குப் பண்ணவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

'நிறுத்துங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வண்டிகள் ஒன்றையொன்று கடந்தன. செய்தி கைமாற அந்த ஒரு நொடி போதவில்லை; திரையில் ஒன்றுமில்லை.

கிறீச்சென்று தேவானந்தம் பிரேக் போட்டான். "மச்சான், முன்னால சவாரியே இல்ல. இன்னாத்துக்குப் போய்க்கினு கீற?"

இவள் டிரைவரும் நிறுத்தினான். பின்னால் ஹாரன்கள் அலற, நடுரோட்டில் இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். திரை மினுக்கியது. செய்தி அவளிடம் வந்துவிட்டது!

"யம்மா, முன்னாடி நிக்கிற வண்டில ஏறிக்கோ. நானும் திரும்புறேன்" என்றான் அவள் டிரைவர்.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

மேடவாக்கத்தில் செய்தி வந்து விழுந்ததும் கஸ்தூரிரங்கன் பேனாவை வெளியே எடுத்தார். "எப்படி வந்துச்சு?"

பேசாமல் இருந்தால் பாஸ். வாய்தான் கேட்கவில்லை. "நடுவுல திரும்பிப் போயிடுச்சு சார். டிரைவருங்க ஆளை மாத்திவிட்டுத் திரும்புவாங்கன்னு புரோகிராமுக்குத் தெரியல. என்னையும் மாத்திவிட்டாங்க, அதனாலதான் வந்துச்சு."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ தினமும் எதுல காலேஜுக்கு வர்றே?"

"ஷேர் ஆட்டோலதான் சார். தினமும் பாதியில மாத்திவிடுவாங்க..."

சிரிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாஸான சந்தோஷத்தையும் தாண்டி, அந்தக் கேள்வி ரூக்சாருக்குச் சுருக்கென்று தைத்தது.